சுவர் மேல் ஏறிய கல்

அத்தியாயம் 9

லோகுவுக்கு அந்தக் கல்லைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. கொல்லிமலையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஜீப்பின் பின்சீட்டில் சாக்குப்பை விரித்து, பெல்ட் போட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து வந்திருந்தது அது. அதற்கு இடம் விட்டுவிட்டு லோகு முட்டியைத் தாடையில் இடித்துக்கொண்டு வந்தான்.

"மேடம், கல்லுக்கு பெல்ட்டு. எனக்கு ஒண்ணியும் இல்ல. நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"நீ விழுந்தா எழுந்துப்ப. அது விழுந்தா உடைஞ்சிடும்" என்றாள் சுகிர்தா.

சுகிர்தா விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் வேலையில் இருந்தவள். ஒரு நாள் கம்பெனி கேட்டபடி அறிக்கையை மாற்றி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, திருவள்ளூரில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். லோகு செவ்வாப்பேட்டைக்காரன். டிரைவர் வேலைக்கு என்றுதான் சேர்ந்தான். அவன் வாயும் கூடவே சேர்ந்துகொண்டது.

இந்த வழக்கில் அந்த வாய்க்கே அவ்வளவாக வேலை இருக்கவில்லை. பழவேற்காட்டில் நண்டும் கருவாடும் மொத்த வியாபாரம் செய்த உமர் பாரூக்கின் மனைவி குல்சும், பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டவள். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த அந்த அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை. மேகத்தை ஒரு தடவை மேலே இருந்து குனிந்து பார்க்க வேண்டும். அதற்காக உமர் பாரூக் ஒரு கேரவன் கட்டச் சொன்னார். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. கட்டிலுக்குப் பக்கத்திலேயே, படுத்தபடி பார்க்கிற உயரத்தில் பெரிய ஜன்னல்.

மனைவியை ஏற்றுவதற்கு முன்னால் வெள்ளோட்டம் பார்க்கப் போனார். வளைவு வளைவாக ஏறியதில் அவருக்குத் தலை சுற்றி, அந்தக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். பாதி மலையில், செங்குத்தான ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் சூடாகி வண்டி நின்றது. டிரைவர் வரதன் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனான். திரும்பி வந்தபோது வளைவில் வண்டி இல்லை. பின்னாலேயே உருண்டு பள்ளத்தில் விழுந்து கிடந்தது. உமர் பாரூக் அதற்குள் கிடந்தார்.

"பின் சக்கரத்துக்குக் கல்லு வச்சிட்டுத்தான் போனேன்" என்று வரதன் சொன்னான். வளைவில் கல்லே இல்லை என்றது போலீஸ். அன்றைக்குக் கேரவனோடு கூடவே காரில் போன இரண்டு பேர், அதாவது அவருடைய தம்பி மகன் ஷாகிரும் மருமகன் அர்ஷத்தும், வரதன் மேல் சாராய வாடை அடித்தது என்று வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். குடித்துவிட்டு முதலாளியைக் கொன்றவன் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஜாமீனும் கிடைக்கவில்லை. அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்து கேட் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்த வரதன் மனைவி முத்தம்மாவிடம் யாரும் நாஷ்டா வாங்குவதில்லை.

நம்பியவள் ஒருத்திதான். செத்துப்போனவரின் சொந்த மகள், அர்ஷத்தின் மனைவி ஜபீன். "வரதன் அண்ணன் என்ன இடுப்புல தூக்கிக்கினு போய் ஸ்கூல்ல வுட்டவரு. அவரு பொய் சொல்லமாட்டாரு. வாப்பா எப்படி மவுத்தானாருன்னு எனக்குத் தெரியணும்க்கா" என்று சுகிர்தாவிடம் வந்து அழுதவள் அவள்தான்.

ஜெயிலில் வரதன் கல்லின் அடையாளம் சொன்னான். உடைந்த மைல் கல்லின் தலை. ஒரு பக்கம் மஞ்சள் பெயின்ட். வளைவின் கைப்பிடிச் சுவர் மேலிருந்து எடுத்து வைத்தானாம். போலீஸ் அந்தக் கல்லை ரோட்டில் தேடியது, பள்ளத்தில் தேடியது. சுகிர்தா சுவர் மேல் பார்த்தாள். சமர்த்தாக அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஊர்க்காரர் இரண்டு பேரைச் சாட்சிக்கு நிற்க வைத்து, படம் எடுத்து, கையோடு கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வழியாகப் பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர்தான் விஷயத்தை விளக்கினார். அந்த மலையில் செங்குத்தான வளைவுக்கு வளைவு சுவர் மேல் ஒரு கல் இருக்குமாம். தேவைப்படுகிறவன் எடுத்துச் சக்கரத்துக்கு வைப்பான். வண்டி கிளம்பினதும் திரும்ப எடுத்துச் சுவர் மேல் வைத்துவிட்டுத்தான் ஏறுவான். "வைக்காம போறவன் வண்டிக்காரனே இல்லம்மா" என்று முடித்துக்கொண்டார் அவர்.

"அப்போ யாரோ கல்ல எடுத்திருக்கான்" என்றான் லோகு, ஜீப் சிப்காட் சாலையில் திரும்பும்போது. "கதவத் தொறந்து ஹேண்ட் பிரேக்க வுட்டுருக்கான். வண்டி போச்சு, பெரியவரும் போய்ட்டாரு. அப்புறமா பொறுப்பா கல்லத் தூக்கி சுவத்து மேல வச்சிட்டுப் போயிருக்கான். கொலைகாரனுக்கு இம்மாம் ஒழுக்கமா?"

"கை பழக்கம், லோகு. மனசு பதறும்போது கை தனக்குத் தெரிஞ்சதத்தான் செய்யும்."

"அப்போ ஷாகிருதான். கருவாட்டு லாரியெல்லாம் அவன் கண்ட்ரோலு. பெரியவரோட சண்டை வேற. கார எடுத்துக்கினு சிக்னல் தேடி மேல போனேன்றான், எவனும் பாக்கல. பிரியாணி பந்தயம் மேடம்."

"மருமகன்?"

"அர்ஷத்தா? டீ வாங்கக் கீழ நடந்து போனாராம். அவரு ஏசி ரூம்ல ஒக்காந்து கம்ப்யூட்டர் பாக்கறவரு மேடம். ஸ்கூட்டர் பஞ்சரானாலே போன் பண்ற ஆளு. கல்லுன்னா மோதிரத்துல வைக்கறதுன்னு நெனப்பாரு."

சுகிர்தா சிரிக்கவில்லை. உருக்காலைப் புகை வெயிலோடு சேர்ந்து கண்ணைக் கரித்தது.

கேரவன் கட்டிய பட்டறை சிப்காட்டின் கடைசியில் இருந்தது. போலீஸ் பார்த்து முடித்த வண்டியைத் திரும்ப அங்கேதான் கொண்டு வந்து போட்டிருந்தார்கள். கூரை உள்ளே அழுந்திப்போய், குல்சுமுக்காக வைத்த பெரிய ஜன்னல் வெறும் ஓட்டையாக இருந்தது. கட்டில் மட்டும் ஆணி கழலாமல் அப்படியே நின்றது. லோகு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டான். ஜோக்கு ஒன்றும் வரவில்லை.

பட்டறைக்காரர் அருணாச்சலம் பெருமையும் துக்கமும் கலந்து பேசினார். "முதல்ல ஏலகிரின்னுதாம்மா பிளானு. வளைவு கம்மி, ரோடு அகலம், அம்மாவுக்கு ஒடம்பு அலுங்காதுன்னாரு பாய். வண்டிய நீளமாவே கட்டலாம்னு சொல்லிட்டேன். திடீர்னு ஒரு நாள் மாப்ள வந்து, கொல்லிமலை, நீளத்தக் கொறைங்கன்னாரு. பாதி கட்டினத வெட்டினேன்."

"ஏன் மாத்தினாங்க?"

"அங்கதான் மேகம் கைக்குக் கெடைக்கும்னு சொன்னாராம். பாய்க்கு மொதல்ல இஷ்டமே இல்ல. மாப்ள பேசிப் பேசி ஒத்துக்க வச்சாரு. எல்லா பிளானும் அவருதான். எங்க நிக்கணும், எங்க தண்ணி புடிக்கணும், எந்த நேரம் ஏறினா பஸ்சு எதிர்ல வராது, எல்லாம். இதோ பாருங்க, வரதனுக்கு ட்ரெய்னிங் குடுக்கறதுக்காக இதையே வரைஞ்சாரு."

பட்டறை முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. முழு அளவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. நம் ஊர்தான் தோசைக்கல் மாதிரி தட்டை ஆயிற்றே. மலையைக் காணாத டிரைவருக்குத் தரையிலேயே மலையைப் போட்டுப் பழக்கியிருக்கிறார்கள்.

"அர்ஷத் அந்த மலைக்குப் போயிருக்காரா?" என்று கேட்டாள் சுகிர்தா.

"இல்லன்னாரும்மா. போன்ல மேப்பு பாத்துத்தான் போட்டேன்னாரு. ஆனா நல்ல மூளை. இந்த எடத்துல நின்னுக்கினு, 'இங்க ஒடிச்சா லாரியோட பின் சக்கரம் காவாயில எறங்கிடும், இன்னும் வெளிய வா'ன்னு வரதனுக்கு சொல்லிக் குடுத்தாரு."

"லாரின்னா சொன்னாரு?"

"ஆமாம்மா. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் சுகிர்தா. அவள் 'ஒண்ணுமில்ல' என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்று லோகுவுக்குத் தெரியும். என்ன என்றுதான் தெரியாது. அந்த பேஜாரு அவனுக்குப் பழகிப்போன ஒன்று.

சாயங்காலம் ஜபீனும் அர்ஷத்தும் ஷாகிரும் பட்டறைக்கு வந்தார்கள். உமர் பாரூக்கின் மூக்குக் கண்ணாடி, தஸ்பீஹ் மணிமாலை, ஒரு ஜோடி செருப்பு ஆகியவற்றை வண்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கவே கூப்பிட்டிருந்தாள் சுகிர்தா. ஜபீன் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். அர்ஷத் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நல்ல உயரம், மெல்லிய குரல், சுருக்கம் விழாத சட்டை. இப்படி ஒரு புருஷன் கிடைத்தது அந்தப் பெண்ணுக்கு ஆறுதல்தான் என்று லோகு நினைத்துக்கொண்டான்.

"குல்சும் அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். புருஷன் போன துக்கத்துக்கு இத்தாவுல இருக்காங்க, அவங்கள எங்கியும் அலைய வைக்க முடியாது. நாம போய்ட்டு வந்துரலாம்" என்றாள் சுகிர்தா. "ஜபீன், நீ என் ஜீப்புல வா. இவங்க கார்ல பின்னாடி வரட்டும்."

ஜீப்பை அவளே ஓட்டினாள். லோகு மறுபடியும் பின்சீட்டில் மஞ்சள் கல்லுக்குத் துணையாக உட்கார்ந்தான். கல்லின் மேல் இப்போது சாக்கு போர்த்தியிருந்தது. புதுவாயல் கூட்டு ரோட்டில் ஷிப்ட் முடிந்த கூட்டம் டீக்கடையை மொய்த்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி, ரயில் பாதைக்கு மேலே ஏறும் பாலத்தின் நடு ஏற்றத்தில் ஜீப் இருமிக்கொண்டு நின்றது.

"போச்சு" என்றான் லோகு. "கிழவிக்கு மூச்சு முட்டிச்சு."

"ஹேண்ட் பிரேக் நிக்காது. பின் சக்கரத்துக்குக் கல் வை, சீக்கிரம்."

லோகுவின் கை சாக்குக்குப் போனது.

"அது இல்ல. உன் காலுக்குக் கீழ பார்."

சீட்டுக்கு அடியில் கறுப்பாக இன்னொரு கல் இருந்தது. இது எப்போது ஏறியது என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்க நேரமும் இல்லை. குதித்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். பின்னால் நின்ற காரிலிருந்து அர்ஷத்தும் ஷாகிரும் இறங்கி வந்தார்கள்.

"இன்னாபா, மியூசியத்துல வைக்க வேண்டிய வண்டிய ரோட்டுல வுட்டுக்கினு?" என்றான் ஷாகிர்.

"தள்ளுங்க நைனா, புண்ணியமாப் போவும்."

மூன்று பேரும் தள்ள, ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பி ஏறியது. பாலத்தின் உச்சியில் ஓரம் கட்டி நின்றது. ஷாகிர் கையைத் தட்டிக்கொண்டே காரைப் பார்த்து நடந்தான். நடுரோட்டில் கிடந்த கல்லைக் காலால்கூடத் தொடவில்லை. தாண்டிப் போனான்.

"வா மச்சான், லேட்டாவுது" என்று அர்ஷத்தைக் கூப்பிட்டான்.

அர்ஷத் திரும்பி நடந்தான். இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. கையைக் காட்டி அதை விலகச் செய்துவிட்டு, குனிந்து கல்லை இரண்டு கையாலும் எடுத்தான். பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தான். ஆடுகிறதா என்று உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். அப்புறம்தான் சட்டைத் தூசியைத் தட்டினான்.

மேலே, ஜீப்பின் கண்ணாடியில் சுகிர்தா பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கண்ணாடியில் ஜபீனும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் மேல் கிடைத்த கல்லைப் பற்றி முந்தின நாளே போனில் சுகிர்தா சொல்லக் கேட்டிருந்தவள் அவள்.

சுகிர்தா இறங்கி நடந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அர்ஷத் சார், அந்தக் கல்ல ஏன் அங்க வச்சீங்க?"

"ரோட்டுல கெடந்துச்சு. பின்னாடி வர்ற வண்டி ஏறிடுமே."

"காலால ஓரமாத் தள்ளினாப் போதாதா?"

"தள்ளிட்டா, அடுத்து வர்றவனுக்கு வேணும்னா எங்கபோய்த் தேடுவா..."

தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்துவிட்டது. வாய் பாதியில் நின்றது. கீழே ரயில் ஒன்று தடதடத்துப் போனது.

"லோகு, அதக் கொண்டா" என்றாள் சுகிர்தா.

லோகு போய் எடுத்து வந்தான். சாக்கை விலக்கியதும் மஞ்சள் பெயின்ட் தெரிந்தது. அர்ஷத் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இதுக்கு முன்னாடி கொல்லிமலைக்கே போனதில்லன்னு பட்டறையில சொன்னீங்க" என்றாள் சுகிர்தா. "பின் சக்கரம் காவாயில எறங்கும்னு மேப்பு சொல்லாது. லாரியில போனவன்தான் சொல்வான். கல்ல சுவத்து மேல வைக்கணும்னு எந்த போனும் சொல்லிக் குடுக்காது. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

அவன் குரலிலிருந்த ஆபீஸ் கழன்று விழுந்துவிட்டிருந்தது.

"எங்க அத்தா. என்னப் பெத்தவரு, லாரி க்ளீனரு. லீவுல என்னயும் கூட்டிக்கினு போவாரு. அந்த வளைவுல கல்ல எடுக்கக் குனிஞ்சாரு. பிரேக் இல்லாத வண்டி. அவரு மேலயே பின்னால எறங்கிச்சு. நான் முன்சீட்டுல ஒக்காந்துக்கினு இருந்தேன்."

"யார் லாரி?"

"தெரியாது. சின்னப் பையன் நான். அம்மா என்ன இட்டுக்கினு வாணியம்பாடி போய்ட்டாங்க. க்ளீனரு குடிச்சிருந்தான்னு எழுதி முடிச்சிட்டாங்க. எங்க அத்தா பாக்குகூடப் போட மாட்டாரு." அவன் ஜபீன் நின்ற பக்கம் பார்க்காமலே பேசினான். "ட்ரிப்பு பிளான் போட எல்லாரும் சாப்பாட்டுல ஒக்காந்தோம். கொல்லிமலை போலாமேன்னு ஜபீன் சொன்னா. மாமா சொன்னாரு, அது வேணாம்மா, ரொம்ப செங்குத்து, முன்ன ஒரு தடவ நம்ம கருவாட்டு லாரி அங்க எறங்கி ஒரு க்ளீனரு செத்தான், குடிகாரப் பயன்னு. மீன் முள்ள எடுத்துக்கினே சொன்னாரு. பேருகூட அவருக்கு ஞாபகம் இல்ல."

"பேரு இன்னா?" என்று கேட்டான் லோகு. கேட்டது தான்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"அப்துல் கபூர்."

ஷாகிர் அப்படியே காரின் பானெட்டில் சாய்ந்துவிட்டான். லோகுவுக்கு அர்ஷத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"உங்க அத்தாவுக்கு நடந்தது அநியாயம்" என்றாள் சுகிர்தா. "ஆனா வரதன் குடிச்சிருந்தான்னு போலீஸ்கிட்ட மொதல்ல சொன்னது யாரு?"

ஷாகிர் தலையைத் தூக்கினான். "மச்சான்தான் சொன்னாரு. வாடை வந்துச்சுல்லன்னு என்னயும் கேட்டாரு. சாவு வேகத்துல நானும் ஆமான்னுட்டேன்."

"எந்தப் பழிய உங்க அத்தா மேல போட்டாங்களோ, அதையே எடுத்து இன்னொரு கூலிக்காரன் மேல போட்டுட்டீங்க சார். பின்னாடி வர்றவனுக்குப் பாவம் பாத்தீங்க. கூட வந்தவனுக்குப் பாக்கல."

கல்லால் அடித்திருந்தால்கூட அர்ஷத்தின் முகம் அப்படி ஆகியிருக்காது.

ஜபீன் எப்போது இறங்கி வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது. அழவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"மச்சான், வாப்பா அப்போ தூங்கிக்கினு இருந்தாரா?"

"ம்."

"எட்டிப் பாத்தியா?"

அவன் தலை மெல்ல அசைந்தது. "பாத்தேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுகிர்தா போலீஸுக்குப் பேசிவிட்டு, "லோகு, முத்தம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லு" என்றாள். லோகு நம்பரைத் தட்டினான். மணி அடித்தது. எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வாய்க்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வார்த்தை கிடைக்காமல் போயிற்று.

ஜபீன் கையை நீட்டினாள். "குடுங்கண்ணா. நான்தான் சொல்லணும்."

அவன் கொடுத்துவிட்டான். மறுமுனையில் இட்லிச் சட்டி மூடும் சத்தமும், "ஹலோ, யாரு?" என்ற குரலும் கேட்டன.

"முத்தம்மாக்கா, ஜபீன் பேசறேன்" என்றாள் அவள். புருஷனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "அண்ணன் குடிக்கல. கல்லு வச்சாரு. வச்சிட்டுத்தான் போனாருக்கா."